எட்டு வருடமாக முடிவு செய்யாத மார்செல்லா

நாட்டில் இன்னும் முடிவு செய்யாத வாக்காளர்கள் என்று ஒரு கூட்டம் இருப்பதாகத் தொலைக்காட்சிக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்தக் கூட்டத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது அவர்கள் கையில் அகப்பட்டவள் மார்செல்லா யூர்கோ. பென்சில்வேனியாவின் பழைய நிலக்கரிப் பக்கத்தில், ஹாலெக் கவுண்டி என்கிற மாவட்டத்தில், பிரேசர்வில் ஊர் டைனர் சாப்பாட்டுக்கடையில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து அவள் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் செய்த குற்றம் அவ்வளவுதான்.

எங்கள் கவுண்டி ஒரு தேர்தலில் இந்தப் பக்கம் சாயும், அடுத்ததில் அந்தப் பக்கம் சாயும். அதனால் நாலு வருடத்துக்கு ஒரு தடவை கேமராக்காரர்கள் திருவிழாவுக்குக் கடை போட வருகிற மாதிரி வந்து இறங்குவார்கள். மீதி நாளில் இங்கே பாலமே இடிந்து விழுந்தாலும் எட்டிப் பார்க்க நாதி கிடையாது. வருகிறவர்களும் நேரே டைனருக்குத்தான் வருவார்கள். சாதாரண மனிதர்கள் டைனரில் மட்டும்தான் விளைகிறார்கள் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் போல.

எட்டு வருடத்துக்கு முந்தைய அந்தக் காலையில் கோர்ட்னி என்ற சின்னப் பெண் மைக்கை நீட்டி, "யாருக்குப் போடப் போறீங்க?" என்று கேட்டாள். மார்செல்லாவின் வாயில் ரொட்டி இருந்தது. விழுங்கிவிட்டு, "இன்னும் முடிவு பண்ணலம்மா" என்றாள். அன்றைக்கு அது பொய்யில்லை. சட்டைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் காலர் தைத்தவள் அவள். தொழிற்சாலை மூடிய பிறகு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் பிள்ளைகள் தட்டில் உருளைக்கிழங்கு மசியல் அள்ளிவைத்தவள். இரண்டு கட்சிக்காரர்களும் தொழிற்சாலையைத் திறக்கிறேன் என்று வந்து, அவள் கையைக் குலுக்கிவிட்டுப் போனவர்கள்தான். யாரை நம்புவது என்று நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே ஒரு முடிவுக்கு வந்திருப்பாள். வந்தும்விட்டாள். ஆனால் அதற்குள் மகன் ஃபோன் செய்துவிட்டான்.

இங்கே அந்த வீட்டுச் சண்டையைச் சொல்லியாக வேண்டும். மார்செல்லாவின் கணவன் பேசில் ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக். காலை ஆறு மணிக்குத் தன் சேனலைப் போட்டால் தூங்கப் போகிறவரை அணைக்க மாட்டான். மகன் டேமியன் அரிசோனாவில் பள்ளி ஆசிரியன். அவனுக்கு வேறு சேனல். அந்த வருடம் செப்டம்பரில் வீட்டுக்கு வந்தவன், விடியற்காலையில் எழுந்து, அப்பா புல்தரையில் நட்டு வைத்திருந்த கட்சி அட்டையைப் பிடுங்கி கராஜில் போட்டுவிட்டான். முப்பத்துமூன்று வயது ஆள் செய்கிற காரியமா அது? பேசில் அதைப் பார்த்தான்.

"என் புல்லுல நட்டதைப் பிடுங்குறவன் என் வீட்டுக் காப்பியக் குடிக்க வேண்டாம்."

டேமியன் காப்பி குடிக்காமலே கிளம்பிப் போனான். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா என்ன பாவம் செய்தாள் என்று தெரியாது, அவளுக்கும் ஃபோன் நின்றுபோனது. ஆறு வாரம் மார்செல்லா சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த ஃபோனைத் துடைத்துத் துடைத்து அதன் நிறமே போய்விட்டது.

டைனர் பேட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அது அடித்தது.

"அம்மா, டிவில பார்த்தேன். நிஜமாவே நீ இன்னும் முடிவு பண்ணலையா?"

"யோசிச்சுக்கிட்டிருக்கேன்டா."

"யோசிக்க என்னம்மா இருக்கு? நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு."

இருபது நிமிடம் சொன்னான். அவள் கேட்டாள். சொல்லி முடித்துக் களைத்துப்போய்க் கடைசியில் ஐந்து நிமிடம், கூரை ஒழுகுவதையும், இடுப்பு வலியையும், பக்கத்து வீட்டுக்காரனின் நாயையும் பற்றிப் பேசினான். அந்த ஐந்து நிமிடம் அவள் மகன். அடுத்த ஞாயிறும் நாலு மணிக்கு அடித்தது. அதற்கடுத்த ஞாயிறும். இருபது நிமிட அரசியல், ஐந்து நிமிட மகன். மார்செல்லாவுக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியானது.

பேசிலும் லேசுப்பட்டவன் இல்லை. மனைவி மதில்மேல் பூனையாக இருக்கிறாள், மகன் அவளை அந்தப் பக்கம் இழுக்கிறான் என்று தெரிந்ததும் அவனுக்கு நாக்கு முளைத்தது. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் இரவுச் சாப்பாட்டின்போது உப்பைத் தள்ளு என்பதற்கு மேல் பேசாதவன், இப்போது முள்கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசினான்.

"என்ன உளர்றான் உன் பையன்?"

"வரியைப் பத்திச் சொன்னான்."

"வரியா? அவனுக்கு என்ன தெரியும்? இதைக் கேளு."

அடுத்த ஞாயிறு டேமியன் கேட்பான், "அதுக்கு அவர் என்ன சொன்னாரு?" அவள் சொல்வாள். அங்கிருந்து பதில் வரும். அதைத் திங்கட்கிழமை இங்கே சொல்வாள். தபால்காரி வேலைதான். தேர்தல் முடிந்ததும் இரண்டு பேரும் யாருக்குப் போட்டாய் என்று கேட்டார்கள். "ரகசிய ஓட்டுன்னு எதுக்கு வச்சிருக்காங்க?" என்று சொல்லிவிட்டாள். அதோடு முடிந்துவிடுமோ என்று பயந்தாள். முடியவில்லை. எங்கள் நாட்டில் தேர்தல் எங்கே முடிகிறது? ஒன்று போனால் இரண்டு வருடத்தில் இன்னொன்று வாசலில் நிற்கும். மார்செல்லா ஒவ்வொன்றிலும் முடிவு செய்யாமலே இருந்தாள், ஒவ்வொன்றிலும் ஓசைப்படாமல் முடிவு செய்து ஓட்டும் போட்டாள். அந்த வீட்டில் ரிமோட் பேசிலுடையது, ஞாயிற்றுக்கிழமை நாலு மணி டேமியனுடையது. அவளுக்கென்று இருந்தது அந்த ஓட்டு ஒன்றுதான்.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு தடவை மனசு உறுத்தி, கோர்ட்னியிடம், "நான் முடிவு பண்ணிட்டேன்னு வச்சுக்கோயேன்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"ஓ, அப்படியா? ரொம்ப நல்லது" என்றாள் கோர்ட்னி. உடனே கண் அடுத்த மேசைக்குப் போய்விட்டது. "இங்க முடிவு பண்ணாதவங்க வேற யாராச்சும் இருக்காங்களா, மார்செல்லா?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்றாள் மார்செல்லா அவசரமாக. அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கோர்ட்னிக்கே இப்படியென்றால் டேமியனுக்கு எப்படி இருக்கும்? ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தால் எதற்கு ஃபோன் செய்வான்? தோற்றுவிட்டோம் என்று தெரிந்தால் செய்யவே மாட்டான்.

இந்த வருடம் ஜூலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. துடைத்த மேசையையே துடைப்பாள். தொலைக்காட்சியில் ஒரே நேரத்தில் ஆறு பேர் ஆறு பெட்டிக்குள் உட்கார்ந்து கத்துவார்கள், கீழே ஒரு வரி ஓடும், ஓரத்தில் ஒரு கடிகாரம் தேர்தலுக்கு எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை வினாடி என்று குறைந்துகொண்டே போகும். யாருக்காக அந்த வினாடிக் கணக்கு? வெடிகுண்டா வைத்திருக்கிறார்கள்?

அக்டோபர் பாதியில் பொறுக்க முடியாமல் தபால் ஓட்டு வாங்கிவிட்டாள். ஒருத்தருக்கும் சொல்லவில்லை. தேர்தலன்று தேவாலயத்துப் பெண்களோடு தீயணைப்பு நிலையக் கூடத்தில் வால்நட் ரொட்டி விற்க அவளுக்கு முறை உண்டு. ஓட்டுச்சாவடியும் அதே கூடம்தான். அங்கே இருந்தபோதே போட்டுவிட்டேன் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? வாக்குச்சீட்டை நிலவறைக்கு எடுத்துப்போய், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், இஸ்திரி மேசை மேல் வைத்து நிரப்பினாள். உள்ளுறையில் போட்டு ஒட்டினாள், அதை வெளியுறையில் போட்டு ஒட்டினாள். கையெழுத்துப் போடும்போது மேலேயிருந்து பேசில் கூப்பிட்டான்.

"மார்செல்லா, சீக்கிரம் மேல வா. இந்த ஆள் பேசுறதை வந்து கேளு."

"வர்றேன், வர்றேன்."

கையெழுத்துக்குக் கீழே தேதி எழுத வேண்டும். எழுதினாள். மறுநாள் காலை தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து மத்தியானம் இரண்டு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள்.

தேர்தலுக்கு முந்தைய நாள் திங்கட்கிழமை. எங்கள் ஊரில் அந்த வாரங்களில் தபால்பெட்டி நிறைய வழவழவென்று கட்சி அட்டைகள்தான் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் முறைத்துக்கொண்டிருப்பான். பேசில் அவற்றைக் கொத்தாக எடுத்துவந்து, தன் கட்சியுடையதை மட்டும் பிரித்துவைத்துக்கொண்டு, மீதியைக் குப்பைக்கூடையில் போடுவான். மாலை நாலரை மணிக்குக் காப்பித்தூள் சக்கையைக் கொட்டப் போன மார்செல்லாவின் கண்ணில், அட்டைகளுக்கு நடுவே கவுண்டி தேர்தல் அலுவலகத்தின் வெள்ளை உறை பட்டது. அவள் பெயர்தான் போட்டிருந்தது.

பேசில் பார்ப்பதற்குள் அதை எடுத்தாள். சமையல் ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். உறையின் மேல் எழுதப்பட்ட தேதி சரியில்லாததால் அவளுடைய தபால் ஓட்டு எண்ணப்படாது என்று கடிதம் சொன்னது. கீழே ஒரு ஃபோன் எண்.

"தேதி போட்டேனே" என்றாள் மார்செல்லா, குரலைத் தாழ்த்தி.

மறுமுனையில் இருந்த பெண் அன்றைக்கு இருநூறு பேருக்குச் சொன்னதைக் களைப்போடு இவளுக்கும் சொன்னாள். "நீங்க உங்க பிறந்த தேதியைப் போட்டிருக்கீங்கம்மா. அன்னிக்குத் தேதியைப் போடணும்."

மருந்துக்கடை, கண் மருத்துவர், ஓய்வூதியம், காப்பீடு. அறுபத்தெட்டு வயதில் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாலும் அடுத்துக் கேட்பது பிறந்த தேதியைத்தான். கை தானாக எழுதிவிட்டது. பாழாய்ப்போன கை.

"இப்ப என்ன பண்றது?"

"அஞ்சு மணிக்குள்ள இங்க வந்து திருத்தலாம். எங்கேயிருந்து வரணும்?"

"பிரேசர்வில்."

"அப்ப நேரமில்ல. நாளைக்கு உங்க சாவடிக்குப் போங்க. தபால் ஓட்டு தள்ளுபடி ஆயிடுச்சு, தற்காலிக ஓட்டு வேணும்னு கேளுங்க. தனி உறையில வாங்கி வைப்பாங்க. நாங்க சரிபார்த்து எண்ணிக்குவோம். அவ்வளவுதாம்மா."

அவ்வளவுதானாம். பிரேசர்வில் சாவடிக்குத் தலைமை ஜெனிவீவ் டோலன். மார்செல்லாவோடு அதே சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் துளை போட்டவள். அந்தத் தையல் இயந்திரச் சத்தத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மெதுவாகப் பேச வராது, ஜெனிவீவுக்குச் சுத்தமாக வராது. அவளிடம் ஒன்றைச் சொன்னால் கூடம் முழுக்கக் கேட்கும். கூடத்தில் கேட்டது மத்தியானத்துக்குள் பேசிலுக்கு வந்துசேரும். மூன்று வாரத்துக்கு முன்பே மார்செல்லா ஓட்டுப் போட்டுவிட்டாள், அதற்குப் பிறகும் டைனரில் உட்கார்ந்து நாட்டுக்கே பொய் சொன்னாள், வீட்டில் இரண்டு ஆண்களையும் பேசவிட்டு வேடிக்கை பார்த்தாள் என்று ஆகிவிடும். டேமியன் அதைப் பொறுத்துக்கொள்வானா? அப்பா அட்டையை நட்டதையே பொறுக்காதவன்.

போடாமல் விட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது. அவளுடைய ஓட்டு குப்பைக்குப் போகும், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி அவளிடம் இருக்கும்.

அன்றிரவு அவள் கண் மூடவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமா?

காலை ஏழு மணிக்கு டைனரில் விளக்குகளை மாட்டி, அதே ஜன்னலோர மேசையில், அதே முட்டையை வைத்துவிட்டார்கள். கோர்ட்னி இப்போது சின்னப் பெண் இல்லை, பெரிய நிருபர், முடியை யாரோ வந்து சீவிவிடுகிறார்கள். நேரலையில் கேட்டாள்.

"மார்செல்லா, இன்னிக்கு அந்த நாள் வந்தாச்சு. முடிவு பண்ணிட்டீங்களா?"

"இல்ல" என்றாள் மார்செல்லா. "இன்னும் முடிவு பண்ணல."

அந்த முதல் காலைக்குப் பிறகு இப்போதுதான் அது மறுபடியும் உண்மை. யாருக்குப் போடுவது என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. போடுவதா வேண்டாமா என்பதில்தான் தவித்துக்கொண்டிருந்தாள். முட்டையைத் தொடவில்லை. பக்கத்தில் பேசில் தேவாலயத்துக்குப் போகிற சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அப்ப வாங்க, இப்பவே போகலாம்" என்று கோர்ட்னி கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். "சாவடி வாசல் வரைக்கும் நாங்க உங்க கூட வர்றோம்."

இதை அவள் முன்கூட்டிச் சொல்லவில்லை. மார்செல்லா வாயைத் திறப்பதற்குள் பேசில் தன் சின்ன லாரியின் சாவியை எடுத்துவிட்டான். "எட்டு வருஷமா தொண்டைத் தண்ணி வத்தப் பேசியிருக்கேன். நீ உள்ள போறதை நான் பார்க்கணும்" என்றான்.

கேமராவை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே தீயணைப்பு வண்டிகளை வெளியே ஓட்டிவிட்டு மேசை போட்டிருந்தார்கள். வரிசையில் இருபது பேர். மார்செல்லா முன்னால், பேசில் பின்னால். தேவாலயத்துப் பெண்கள் ரொட்டி மேசையிலிருந்து கையாட்டினார்கள். அங்கே போய் நின்றுகொள்ளலாம். தலைசுற்றுகிறது, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் போடுகிறேன் என்று சொன்னால் போதும். அப்புறம் போட்டுவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது. அவள் ஒரு காலை வரிசைக்கு வெளியே வைத்தும்விட்டாள்.

பேசில் அவள் காதருகே குனிந்தான். "கடைசியா ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன்."

"இங்கேயுமா?"

"நீ உன் பையனுக்காக அந்தப் பக்கம் போட்டேன்னு வை, அது உன் ஓட்டு இல்ல, அவன் ஓட்டு. அவனுக்கு ரெண்டு ஓட்டு ஆயிடும். அது நியாயமா?"

"உன் பக்கம் போட்டா?"

"அது எப்படி? அது சரியான ஓட்டு."

மார்செல்லாவுக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபமில்லை, எட்டு வருடக் கோபம். இவனும் சரி, அவனும் சரி, இவள் ஓட்டைத் தங்களுடைய இரண்டாவது ஓட்டாகவே பார்த்திருக்கிறார்கள். தன் ஓட்டு என்று ஒன்று இருப்பதாக இரண்டு பேருக்கும் ஒரு நாளாவது தோன்றியதா? அதை இவர்களுக்காகக் குப்பையில் போட இவள் இரவெல்லாம் புரண்டிருக்கிறாள். வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தாள்.

"பேரு சொல்லு மார்செல்லா, சட்டப்படி நான் கேட்கணும்" என்றாள் ஜெனிவீவ்.

"மார்செல்லா யூர்கோ. தபால் ஓட்டு தள்ளுபடி ஆயிடுச்சு. எனக்குத் தற்காலிக ஓட்டு வேணும்."

"தபால்லயா?" ஜெனிவீவ் புத்தகத்தைப் புரட்டினாள். குரல் கூரைக்குப் போனது. "அட, ஆமா. அக்டோபர் பதினெட்டாம் தேதியே வந்து சேர்ந்திருக்கே. அப்ப டிவில இன்னும் முடிவு பண்ணல, முடிவு பண்ணலன்னு சொல்லிக்கிட்டிருந்தியே, அது என்னடி?"

ரொட்டி மேசையில் கத்தி நின்றது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். மார்செல்லாவின் முகம் காதுவரை சிவந்தது.

"அது தனிக்கதை. நீ சீட்டைக் குடு" என்றாள்.

தடுப்புக்குள் நின்று வட்டங்களை நிரப்பினாள். உறையில் கையெழுத்துப் போட்டாள். தேதி எழுதுவதற்கு முன்னால், சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக எழுதினாள். திரும்பியபோது பேசில் வரிசையிலேயே நின்று, பின்னாலிருப்பவர்கள் நகரச் சொல்வதும் காதில் விழாமல், அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே கோர்ட்னி மைக்கோடு காத்திருந்தாள். உள்ளே நடந்தது அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டது. ஜெனிவீவ் குரலுக்குக் கதவு ஒரு பொருட்டா?

"மார்செல்லா, நீங்க முன்னாடியே ஓட்டுப் போட்டுட்டீங்கன்னு சொல்றாங்களே?"

"ஆமா. மூணு வாரம் முன்னாடி."

"அப்ப இன்னிக்குக் காலையில எங்ககிட்ட..."

"உங்ககிட்ட எட்டு வருஷமா பொய் சொல்லியிருக்கேன்."

"ஏன்?"

மார்செல்லா கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். "முடிவு பண்ணிட்டேன்னு சொன்னா எங்கிட்ட யாரும் பேச மாட்டாங்க. நீயே பேச மாட்டே."

கோர்ட்னி காதில் மாட்டியிருந்த கருவியில் யாரோ ஏதோ சொன்னார்கள் போல. அவள் கேமராவைப் பார்த்து, நன்றி சொல்லி, நியூயார்க் ஸ்டுடியோவுக்குத் திருப்பிவிட்டாள். அங்கே ஆறு பெட்டிகளில் ஆறு பேர் தயாராக இருந்தார்கள்.

பேசில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தான். லாரியில் ரேடியோவைப் போடவில்லை. இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு கேட்டான்.

"மூணு வாரமா நான் பேசினதெல்லாம்?"

"கேட்டேனே."

"எதுக்குக் கேட்டே? அதான் போட்டாச்சே."

"நீ பேசினியே, அதுக்குத்தான்."

வீட்டுக்கு வந்தும் தொலைக்காட்சியைப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்து, அணைந்து கிடந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் பகலில் அப்படியொரு அமைதி இருந்ததே இல்லை. மார்செல்லாவுக்கு அது தாங்கவில்லை. ஒரு முட்டைக்கோஸ் நறுக்கினாள். இரண்டு பேருக்கு ஒன்று போதும், இன்னொன்றையும் எடுத்து நறுக்கினாள். இவனும் போனான், அவனும் போனான் என்று மனசு அடித்துக்கொண்டது. கண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டு நறுக்கினாள்.

மாலை ஐந்தேகாலுக்கு ஃபோன் அடித்தது. அன்று செவ்வாய்க்கிழமை. டேமியனுக்குப் பள்ளி முடிகிற நேரம். டிவியில் பார்த்திருப்பான். மார்செல்லா கையைத் துடைத்தாள், ஃபோனைப் பார்த்தாள், கிட்டே போகக் கால் வரவில்லை. திட்டுவதற்கென்றே ஒரு ஃபோன் வந்து, அதோடு எட்டு வருடமும் முடிந்துபோனால்?

"எடேன்" என்றான் பேசில் அந்த அறையிலிருந்து.

"நீ எடு."

"உன் பையன்தான்."

"எனக்கு மட்டுமா பையன்?"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பேசில் முனகிக்கொண்டு எழுந்து வந்து எடுத்தான்.

"ஹலோ." மறுமுனையில் சத்தமே இல்லை. "நான்தான். அப்பா."

மார்செல்லா கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆமா, பார்த்தேன். நானும் அங்கதான் நின்னேன். எனக்கு முன்னாடி நின்னு கேட்கிறா, தற்காலிக ஓட்டு குடுன்னு... எனக்கு எப்படித் தெரியும்? முப்பத்தஞ்சும் எட்டும் நாப்பத்துமூணு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணவனுக்கே சொல்லல... உன்கிட்டயும் சொல்லலையா?... சேச்சே, உன் பக்கமா? அவ அப்படிப் போட்டிருக்கவே மாட்டா."

ரிசீவருக்குள்ளிருந்து டேமியன் குரல் உயர்ந்தது. பேசில் குரலும் உயர்ந்தது. வரி, எல்லை, மருத்துவச் செலவு, இவள் சுமந்து சுமந்து தேய்ந்துபோன அத்தனையும் இப்போது நேரே போய் நேரே வந்தது. போச்சு, இப்போது வைத்துவிடுவான், இனி எந்த ஜென்மத்திலும் பேச மாட்டார்கள் என்று அவள் ஏப்ரனைக் கசக்கிக்கொண்டு நின்றாள். பேசில் வைக்கவில்லை. காலால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"உன்கிட்ட பேசணுமாம்."

அவள் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டாள். கையும் நீண்டுவிட்டது. பிறகு கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் வீட்ல இல்லன்னு சொல்லு."

பேசில் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பொத்திய கையை எடுத்தான். "அம்மா வீட்ல இல்லையாம்" என்றான். "நான் சொல்லலடா. அவளே சொல்றா."

மார்செல்லா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே வந்து கதவைச் சாத்தினாள். இருட்டிக்கொண்டு வந்தது, நல்ல குளிர். புல்தரையில் போவதும் வருவதுமாக நடந்தாள். கைக்கு ஒரு வேலையும் இல்லை. உள்ளே சண்டை ஓய்ந்துவிட்டது. வைத்துவிட்டானா என்று ஜன்னல் ஓரமாக வந்து காது கொடுத்தாள். வைக்கவில்லை. தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"அங்க இப்ப மணி என்ன?" என்று பேசில் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்படியா. ரெண்டு மணி நேரமா வித்தியாசம்? எனக்குத் தெரியாது."